ஏரிப் பூங்காவில் பறவைகளை அறிவோம்

பொழுது புலருமுன் எழுந்து பெரட்டுக் களத்தை நோக்கி நடக்கும் தோட்டத் தொழிலாளிக்கு முதற்குரல் கொடுப்பது வீட்டுச் சேவல் மட்டுமன்று. லயத்தின் பின்புற வேலியில் அமர்ந்து கறுப்பும் வெள்ளையுமான சிறு பறவையொன்று சீழ்க்கையடிப்பதுபோல் பாடுகின்றது. பால்மரக் காட்டினுள் நுழைந்ததும் புதருக்குள்ளிருந்து 'ஊப், ஊப்' என்று ஆழ்ந்த குரலொன்று எழுகின்றது. மங்குகளில் பால் சொட்டத் தொடங்கும் வேளையில் தலைக்குமேல் புறாக் கூட்டமொன்று விரைந்து செல்கின்றது. இவற்றை நாம் நாள்தோறும் கேட்கின்றோம்; காண்கின்றோம். ஆயினும், "அந்தப் பறவையின் பெயர் என்ன?" என்று நம் பிள்ளை வினவினால், "ஏதோ ஒரு குருவி" என்று கூறி அப்பாற் செல்பவரே நம்மிற் பலர்.

பெயரறியாத ஒன்று நம் சூழலிலிருந்து மறைந்துபோனால், அது மறைந்ததையும் நாம் அறியமாட்டோம். கடந்த பல ஆண்டுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பலவாகும். தாத்தா கேட்ட பறவையின் குரலைப் பேரப்பிள்ளை கேளாமலே வளரும் நிலை ஏற்பட்டுள்ளது. இந்நிலையில், பறவைகளை எவ்வாறு இனங்கண்டு அறிவது, அதற்கு எங்கே தொடங்குவது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பறவை நோக்கல் யாது?

பறவைகளை அவற்றின் இயல்பான இருப்பிடத்திலேயே, அவற்றுக்கு இடையூறு செய்யாது கண்டும் கேட்டும் இனம் பிரித்தறிந்து, குறித்து வைத்தலே பறவை நோக்கல் ஆகும். பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் இதன்பாற் படா.

இது பொருட்செலவு மிகுந்த பொழுதுபோக்கு எனச் சிலர் கருதுவர். அக்கருத்துச் சரியன்று. இதற்கு இன்றியமையாதவை மூன்றே. வைகறையில் எழும் பழக்கம் ஒன்று. ஓசைப்படாமல் நடக்கும் கால்கள் மற்றொன்று. நுணுகிப் பார்க்கும் கண்கள் மூன்றாவது. பட்டையின் ஆழத்தைக் கத்தி முனையிலேயே உணர்ந்து, மரத்தைக் காயப்படுத்தாமல் சீவும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இம்மூன்றும் முன்பே அமைந்துள்ளன. ஆதலின், நகரத்தார் பல மாதங்கள் முயன்று பெறும் பயிற்சியை அவர் ஏற்கெனவே பெற்றுவிட்டார் எனலாம்.

இருகண் தொலைநோக்கி ஒன்று கிடைப்பின் நன்று. அதன்மேல் 8x40 என்று பொறிக்கப்பட்டிருந்தால், முதல் எண் அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். தொடக்கநிலையாளருக்கு எட்டு மடங்கே போதும். அதற்கு மேற்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகித் தெரியும். தொலைநோக்கி இல்லையாயினும் கவலையில்லை. ஏரிப் பூங்காவில் வெறுங்கண்ணாலேயே காணத்தக்க பறவைகள் பல உள்ளன.

ஏன் ஏரிப் பூங்கா?

ஜொகூர் மாநிலத்தில் பறவை நோக்குவோரிடையே பெரிதும் புகழ்பெற்ற இடம் கோத்தா திங்கிக்கு அருகிலுள்ள பந்தி மலைக் காடாகும். ஆயினும், முதற்பாடம் படிப்பவருக்கு அடர்காடு ஏற்றதன்று. அங்கே குரல் கேட்கும், உருவம் தெரியாது. உயர்ந்த மரங்களின் உச்சியில் இலைகளுக்கிடையே மறையும் பறவையைத் தேடிக் கழுத்து வலிப்பதே மிச்சமாகும்.

ஏரிப் பூங்காவோ திறந்து வைத்த பாடநூல் போன்றது. ஜொகூர் பாரு மாநகரில் தாசேக் உத்தாரா சாலையை ஒட்டி அமைந்துள்ள 'ஹூத்தான் பண்டார்' என்னும் பூங்காவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஹூத்தான் பண்டார் என்றால் நகர்க் காடு என்பது பொருள். 1994ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் மாநகர் என்னும் தகுதியைப் பெற்ற ஜொகூர் பாருவின் மாநகர் மன்றமே இதனைப் பராமரித்து வருகின்றது. ஏரிகளும், அவற்றைச் சூழ்ந்த நிழல்மரங்களும், நடைபாதைகளும் இங்குள்ளன. செல்லுமுன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லுதல் நலம்.

இத்தகைய இடத்தில் மூவகை வாழிடங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஏரியின் நீர்ப்பரப்பு ஒன்று. நீரும் நிலமும் கூடும் சேற்றுக்கரையும் புல்வெளியும் மற்றொன்று. மரங்களும் புதர்களும் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய பறவைகள் வெவ்வேறாகும். ஓர் ஏரியை ஒருமுறை சுற்றி வந்தால் மூன்று பாடங்களையும் படித்து விடலாம். அன்றியும், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வோரைப் பார்த்துப் பழகிய பறவைகளாதலின், அவை மனிதரைக் கண்டவுடன் அஞ்சிப் பறப்பதில்லை.

காலை ஏழு மணி முதல் ஒன்பதரை மணி வரையும், மாலையில் ஐந்து மணிக்கு மேலும் பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும். வெயில் ஏறியபின் அவை நிழலில் ஒடுங்கிவிடும்.

நீரிலும் கரையிலும் காண்பவை

ஏரிக்கரையில் முதலிற் கண்ணிற் படுவது பெரும்பாலும் கொக்கு இனமாகவே இருக்கும். தூய வெண்ணிறமும் கறுத்த அலகும் மஞ்சள் நிறப் பாதங்களும் உடையது சின்னக் கொக்கு. உயர்ந்த கால்களுடன் சாம்பல் நிறத்தில் அசையாது நிற்பது சாம்பல் நாரை. கழுத்தில் செம்பழுப்பு நிறம் கொண்டது செந்நாரை. கரையோர வேர்களுக்கிடையே குறுகி உட்கார்ந்து மீனுக்காகக் காத்திருக்கும் சிறிய கருஞ்சாம்பல் பறவை பச்சைக் கொக்கு. மாலை மயங்கும் நேரத்தில் 'குவாக்' என்று ஒலித்துக்கொண்டு இரை தேடப் புறப்படுவது வக்கா என்னும் இராக்கொக்கு.

இவற்றைப் பறக்கும்போது இனங்காண ஓர் எளிய வழியுண்டு. கொக்கினத்தைச் சேர்ந்தவை கழுத்தை மடித்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு பறக்கும். பெருநாரை இனத்தைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். இந்த ஒரு குறிப்பை நினைவிற் கொண்டாலே தொலைவிற் செல்லும் பறவையைப் பற்றிப் பாதி விடை கிடைத்துவிடும்.

புல்லுக்கும் நீருக்கும் இடையே வாலைச் சுண்டிச் சுண்டி நடப்பது வெண்மார்புக் கானாங்கோழி. சம்பங்கோழி என்றும் இதனை வழங்குவர். இதன் மலாய்ப் பெயர் 'ருவாக்-ருவாக்'. அது கத்தும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. தோட்டத்துச் சதுப்பிலும் ஓடைக்கரையிலும் இதனைப் பார்த்திராதவர் அரியர்.

மீன்கொத்திகளுள் நமக்கு மிகப் பழக்கமானது வெண்மார்பு மீன்கொத்தி. பழுப்புத் தலை, ஒளிரும் நீல முதுகு, பருத்த சிவந்த அலகு ஆகியவற்றால் இதனை எளிதில் அறியலாம். மீன்கொத்தி எனப் பெயர் பெற்றிருப்பினும், இது வெட்டுக்கிளி, ஓணான் முதலியவற்றையே மிகுதியாக உண்ணும். ஆகவேதான் நீர்நிலையே இல்லாத பால்மரக் காட்டிலும் இதனைக் காண்கின்றோம். இது மண் கரையைக் குடைந்து, சுரங்கம்போல் நீண்ட வளையின் உள்ளே முட்டையிடும். ஏரியின் கரை முழுவதையும் சிமெண்டால் பூசிவிட்டால், பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் இப்பறவைக்குக் கூடு அமைக்க இடமில்லாமற் போகும். ஒரு பூங்காவைத் துப்புரவாக வைத்தல் வேறு. உயிர்கள் வாழ இடம் விட்டு வைத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதே அறிவுடைமை.

மரங்களிலும் புதர்களிலும் காண்பவை

இனி மரங்களின்பால் செல்வோம். வைகறையில் பாடிய கறுப்பு வெள்ளைப் பறவை குண்டுக்கரிச்சான். மலாய் மொழியில் 'முராய் கம்போங்' என்பர். வாலை நிமிர்த்தி வைத்திருப்பது இதன் இயல்பு. ஆண் பளபளக்கும் கருமை உடையது. பெண் சாம்பல் நிறம் உடையது. புதருக்குள்ளிருந்து 'ஊப்' என ஒலித்தது செம்போத்து. செம்பழுப்புச் சிறகும் கரிய உடலும் கொண்ட இது, குயிலின் உறவினமாயினும், தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

ஏரியோரத் தாழ்ந்த கிளைகளில் ஓரிடத்திலும் நில்லாது, வாலை விசிறிபோல் விரித்து விரித்து ஆடும் பறவை விசிறிவால் குருவி. அதன் ஓயாத ஆட்டத்தைக் கண்டு மலாய்க்காரர்கள் 'முராய் கீலா', அதாவது பித்துப்பிடித்த முராய், எனப் பெயரிட்டனர். அது பித்தன்று. இலைகளிடையே ஒளிந்திருக்கும் பூச்சிகளைக் கலைத்து எழுப்பி அது இரையாக்கிக் கொள்கின்றது.

பழுத்த அத்திமரம் ஒன்று பூங்காவில் இருக்குமாயின், அதன் அடியில் அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். 'பூனாய்' எனப்படும் பச்சைப் புறாக்கள் வரும். ஆணின் தலை சாம்பல், கழுத்து இளஞ்சிவப்பு, மார்பு ஆரஞ்சு நிறமாகும். பெண் முழுவதும் பச்சை. மஞ்சள் மேனியும் கண்ணை ஊடுருவிச் செல்லும் கரிய பட்டையும் கொண்ட மாங்குயில், குழலோசை போன்ற குரலுடன் வந்து சேரும். செம்பைத் தட்டும் ஓசைபோல் 'டொங், டொங்' என இடைவிடாது ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். வாலடியில் மஞ்சள் நிறம் கொண்ட சின்னான்கள் இணை இணையாகத் தாவித் திரியும். பூக்களில் அலகை நுழைத்துத் தேன் அருந்தும் தேன்சிட்டு, வீட்டுத் தாழ்வாரத்திலும் சிறு பைபோல் கூடு தொங்கவிடும் துணிவுடையது.

கடல் கடந்து வரும் விருந்தினர்

செப்டம்பர் மாதம் தொடங்கி ஏப்ரல் மாதம் வரையில் நம் நாட்டுக்கு வெளிநாட்டு விருந்தினர் வருகின்றனர். சைபீரியா, வட சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் குளிர் மிகுந்து இரை அருகும்போது, பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ரஷ்யாவின் வடகோடியிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரையில் செல்லும் இவ்வான்வழியைக் கிழக்காசிய–ஆஸ்திரேலியப் பறவைப் பாதை என்பர். நமது தீபகற்பம் அப்பாதையில் அமைந்துள்ளது.

மின்கம்பிகளில் வரிசை வரிசையாக அமரும் தகைவிலான் குருவி ஏறக்குறைய 20 கிராம் எடையே உடையது. அவ்வளவு சிறிய உயிர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்வதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது. ஏரிக்கரைச் சேற்றில் பின்னுடலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளான், கம்பத்தின் நுனியில் அமர்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும் பழுப்புக் கீச்சான், மேலே நீலமும் கீழே செம்மஞ்சளும் கொண்ட சிறு மீன்கொத்தி ஆகியவையும் இக்காலத்து விருந்தினரே.

பஞ்சுருட்டான் பறவைகளைக் கவனிப்பது நல்ல பயிற்சியாகும். நீலவால் பஞ்சுருட்டான் ஜொகூருக்கு விருந்தாளியாக வருவது. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானோ நம் நாட்டு மணல்மேடுகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிப்பது. ஓராண்டு முழுவதும் குறிப்பெடுத்தால், எந்த மாதத்தில் எது மிகுந்து காணப்படுகின்றது என்பது தெளிவாகும். நாட்காட்டியின் துணையின்றியே பருவத்தை உணரும் வழி இது.

விருந்தினர் தங்குவதற்கு ஏரி மட்டும் போதாது. கடலோரச் சேற்று நிலமும் வேண்டும். ஜொகூரில் தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று கண்டற்காட்டுப் பகுதிகளும் 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி தஞ்சோங் பியாய் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

காகமும் குயிலும்

பூங்காவிலும் தோட்டத்திலும் ஒருங்கே காணப்படும் காகத்தின் வரலாறு நமக்கு நெருக்கமானது. ரப்பர் பரவுவதற்கு முன்பு இந்நாட்டில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அக்காப்பிச் செடிகளைக் கம்பளிப்புழுக்கள் அழித்தன. அப்புழுக்களைத் தின்னும் என்று கருதி, 1890களில் இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் கிள்ளான் வட்டாரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகங்கள் நிலைத்தன. குப்பை பெருகிய நகரங்களில் அவையும் பெருகின. அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க ஊராட்சி மன்றங்கள் துப்பாக்கி ஏந்த வேண்டிய நிலையும் பிற்காலத்தில் ஏற்பட்டது.

காகத்தைத் தொடர்ந்து குயிலும் வந்தது. முன்பு குளிர்காலத்தில் மட்டும் வந்து சென்ற குயில், காகத்தின் கூட்டில் முட்டையிட்டுத் தன் குஞ்சை வளர்க்கச் செய்யும் வசதி கிடைத்தபின் இங்கேயே தங்கிப் பெருகியது. ஜாவா மைனாவும் இத்தகையதே. 1920களில் கூண்டுப் பறவையாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பிப் பெருகி, நீரிணையைக் கடந்து ஜொகூரிலும் பரவிற்று.

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. ஓர் உயிரைப் புதிய இடத்தில் கொண்டுவந்து விடுவது எளிது. அதன் விளைவைத் திரும்பப் பெறுவது அரிது. புண்ணியம் என்று கருதி ஏரியில் வெளிநாட்டு மீன்களையும் ஆமைகளையும் விடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறைந்து வரும் பாட்டு

மனிதன் கொண்டுவந்ததால் பெருகிய பறவைகளைக் கண்டோம். மனிதன் கொண்டுபோனதால் அருகிய பறவைகளும் உள்ளன. ஆற்றோரப் புதர்களில் இனிய குரலிற் பாடும் மஞ்சள்தலைச் சின்னானை மலாய் மொழியில் 'பாராவ்-பாராவ்' என்பர். ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் சிலருக்கு இதன் பாட்டு நினைவிருக்கலாம். அந்த இனிய குரலே அதற்குப் பகையாயிற்று. கூண்டில் வளர்ப்பதற்காக இடைவிடாது பிடிக்கப்பட்டு, அது தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் மறைந்தது. 2018ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அது சேர்க்கப்பட்டது.

இன்று நம் வேலியில் பாடும் குண்டுக்கரிச்சானுக்கும் அத்தகைய நிலை வாராது என்று கூறுவதற்கில்லை. அண்டையிலுள்ள சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட அப்பறவை, பிடிக்கப்பட்டமையாலும் பிற காரணங்களாலும் அருகி, 1980களில் மீண்டும் கொண்டுவந்து விடப்படும் நிலைக்கு வந்தது. மறைந்தபின் கொண்டுவர முயல்வதினும், இருக்கும்போதே காத்தல் எளிதன்றோ?

தீபகற்ப மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணற் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் அபராதத்துக்கும் சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றங்களாகும். ஐயம் எழுமாயின் 'பெர்ஹிலித்தான்' எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையினரை அணுகலாம்.

உண்டிவில்லும் ஒரு சிட்டுக்குருவியும்

நம் தோட்டத்துச் சிறுவர்களின் கையில் 'லாஸ்டிக்' எனப்படும் உண்டிவில் இருப்பது புதிதன்று. கவைக்கிளையும் ரப்பர்ப் பட்டையும் எங்கும் கிடைப்பவை. அச்சிறுவனைக் கடிந்துகொள்வதால் மட்டும் பயனில்லை. அவனுடைய கண்ணும் குறியும் கூர்மையானவை; அவற்றுக்கு நல்வழி காட்டுவதே நம் கடமை.

இந்தியாவின் பறவையியல் அறிஞர்களுள் தலைசிறந்தவரான சலீம் அலி 1896ஆம் ஆண்டில் பிறந்தவர். அவரும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டவரே. ஒருநாள் அவர் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது எவ்வகைக் குருவி என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்பவரிடம் சிறுவர் சென்று கேட்டார். அவர் விளக்கம் தந்ததோடு நில்லாது, கழகத்திலிருந்த பறவைத் தொகுப்பையும் திறந்து காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் அவர் 1987ஆம் ஆண்டில் மறையும்வரை நீடித்தது. 1941ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல தலைமுறையினருக்கு வழிகாட்டியாயிற்று.

கேள்வி கேட்ட சிறுவனை விரட்டாமல், விடை சொல்ல ஒரு பெரியவர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. நம் தோட்டத்திலும் அத்தகைய பெரியவராக நாம் ஒவ்வொருவரும் இருத்தல் கூடும்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

பறவைகளைக் காத்தல் படித்தவர்க்கும் அரசாங்கத்துக்கும் மட்டுமே உரிய பணியன்று. தமிழ்நாட்டில், செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கல் ஊரார் நூற்றாண்டுகளாகத் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்து வந்துள்ளனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகப் பெற்றனர் என்பது வரலாறு. அவ்வூரார் உழவர்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி ஊரார் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. அருகிலுள்ள வேட்டங்குடிக் கண்மாய்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதே காரணம். நம் முன்னோர் பலர் விட்டுவந்த சீமையின் வழக்கம் இது. நாம் இங்குக் கொண்டுவந்த நல்வழக்கங்களுடன் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பறவைகளின் நலமும் மனிதரின் நலமும் வேறுவேறல்ல. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாசிர் கூடாங் வட்டாரத்திலுள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். அவ்வட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டன. நீர்நிலையைக் கெடுத்தால் கேடு நீரோடு நிற்பதில்லை. மீனும் தவளையும் அழிந்த குளத்தில் கொக்கு இறங்காது. ஆதலின், கொக்கு இறங்காத குளத்தைக் கண்டால் காரணத்தை வினவுதல் வேண்டும்.

குறிப்பேடு வைத்தல்

கண்டதை அன்றே எழுதி வைத்தல் பறவை நோக்கலின் உயிர்ப்பகுதியாகும். பள்ளிக் குறிப்பேடு ஒன்றே போதும். நாள், நேரம், இடம், வானிலை ஆகியவற்றை முதலில் எழுதுக. பின்னர், பறவையின் அளவைப் பழகிய பறவையோடு ஒப்பிட்டு எழுதுக: சிட்டினும் சிறியதா, மைனா அளவா, காகத்தினும் பெரியதா? அடுத்து, அலகின் வடிவம், காலின் நிறம், இறகின் நிறம், குரல், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை வரிசையாகக் குறிக்க. எத்தனை பறவைகள் என்பதையும் எண்ணி எழுதுக. பெயர் தெரியாவிடின் இடம் விட்டு வைக்கலாம். பெயரை மட்டும் எழுதிவிட்டு அடையாளத்தை எழுதாமல் விடுதல் பிழை.

பெயரறிய நூலகத்துப் பறவை நூல்கள் துணைபுரியும். இக்காலத்தில் கைப்பேசியிலும் வசதியுண்டு. 'மெர்லின்' என்னும் இலவசச் செயலி பறவையின் குரலைக் கேட்டே அதன் பெயரைக் கூறவல்லது. ஆயினும், கருவி கூறுவதை அப்படியே நம்பாது, கண்ணால் கண்டு உறுதி செய்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டில் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்துக்கு ஜொகூரிலும் கிளையுண்டு; ஆர்வமுடையோர் தொடர்புகொள்ளலாம்.

பூங்காவிலும் தோட்டத்திலும் நம் கடமைகள்

பூங்காவில் உரத்துப் பேசுதலும், பறவையைத் துரத்திப் படமெடுத்தலும் தவிர்க்கத்தக்கவை. கூட்டின் அருகே செல்லலாகாது. தாய்ப்பறவை அஞ்சி விலகினால் முட்டை குளிர்ந்துபோகும். காகமும் வந்து கவரும். ரொட்டித் துண்டுகளை ஏரியில் எறிதல் அன்பின்பாற் பட்டதாயினும் நன்மை தருவதன்று. எஞ்சிய ரொட்டி நீரில் அழுகி, மீன்களுக்கு வேண்டிய உயிர்வளியைக் குறைத்துவிடும். காகமும் மைனாவும் அளவுக்கு மீறிப் பெருகும்.

நகரப் பூங்காவிற் கற்றதைத் தோட்டத்திற் செயற்படுத்தினால்தான் கல்வி நிறைவுறும். களைக்கொல்லி தெளிக்கும் பம்புகளையும் டப்பாக்களையும் குளத்திலோ ஓடையிலோ கழுவாதீர்கள். குளக்கரையின் ஒரு பகுதியிலாவது புல்லையும் கோரையையும் வெட்டாமல் விட்டுவையுங்கள். கானாங்கோழிக்கு அதுவே வீடு. இரவில் கூகை அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிவதை விட்டொழியுங்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் குலைகளைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க, கூகைக்கெனப் பெட்டிகள் அமைத்து அதனை வரவேற்கின்றனர். நாம் சகுனத் தடை என்று கருதிய பறவை அங்கே காவற்காரனாக வேலை செய்கின்றது.

அடுத்த ஓய்வுநாளில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரிப் பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்குச் செல்ல வாய்ப்பில்லையாயின் தோட்டத்துக் குளக்கரையே போதும். ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து, ஐந்து பறவைகளின் பெயரை அறிந்து திரும்புங்கள். மறுநாள் வைகறையில் வேலியில் அமர்ந்து பாடும் பறவையைக் காட்டி, "இது குண்டுக்கரிச்சான், அப்பா" என்று பிள்ளை கூறுமாயின், அந்தப் பறவைக்கு நம் தோட்டத்தில் ஒரு காவலர் கிடைத்துவிட்டார் என்று மகிழலாம்.

பயிற்சி

1. பறக்கும்போது கொக்கையும் பெருநாரையையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. ஏரிக்கரை முழுவதையும் சிமெண்டால் பூசுவதால் மீன்கொத்திக்கு நேரும் இடர் யாது?
3. வீட்டுக் காகம் இந்நாட்டுக்கு எதற்காகக் கொண்டுவரப்பட்டது? அதன்பின் நேர்ந்தது என்ன?
4. வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைக் காத்தமைக்குரிய காரணத்தை விளக்குக.
5. உங்கள் லயத்தைச் சுற்றி ஒரு வாரத்தில் காணும் பறவைகளைப் பட்டியலிடுக. அவற்றுள், உங்கள் பெற்றோரின் இளமைக் காலத்தில் காணப்பட்டு இப்போது காணப்படாதவை உளவா என்று அவர்களிடம் கேட்டு எழுதுக.